நான் விடுவதற்கு முன் நீ பிடி

தம்பி,

முதலில் பிள்ளைகள் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் வேறு எதை எழுதப் போனாலும் என் கை ஓடாது. உன் அக்கா மெர்சியின் மூத்தவன் டேவிட்டுக்கு இன்ஜினியரிங் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. போர்டில் ஒட்டிய பேர்களில் அவன் பேர் மேலே இருந்ததா கீழே இருந்ததா என்று கேட்காதே, இருந்தது. சின்னவன் பாபு பள்ளிக்கூட ஹாக்கி டீமில் கோல்கீப்பர். போன ஆட்டத்தில் ஒரு கோல்கூட விடவில்லை. எதிர்த்து ஆடியவர்கள் பந்தை இவன் பக்கமே கொண்டுவரவில்லை என்று மெர்சி சொல்கிறாள். பெற்ற பிள்ளையைப் பற்றி இப்படி ஒரு தாய் பேசலாமா? உன் மகள் ஜெசிக்கு ஒண்ணாம் கிளாஸில் இணையே கிடையாது. பீச்சிலிருந்து தாம்பரம் வரைக்கும் எலக்ட்ரிக் ரயில் நிற்கிற ஸ்டேஷன்களை ஒன்று விடாமல் சொல்வாள், பிறகு தாம்பரத்திலிருந்து பீச்சுக்குத் திருப்பிச் சொல்வாள். சர்ச்சில் பிள்ளைகள் வசனம் ஒப்பித்த அன்றைக்குத் தன் வசனத்தை முடித்துவிட்டு, பக்கத்தில் நின்ற பையன் மறந்துபோன வசனத்தையும் சேர்த்தே சொல்லிவிட்டாள். போதகர் சிரித்துவிட்டார். அந்தப் பையனின் பாட்டி இன்னும் என்னோடு பேசுவதில்லை.

பெருமை பேசியாயிற்று. இனி உன் கடிதத்துக்கு வருகிறேன்.

அது வந்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கேட் வரைக்கும் போகிறேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன். குழம்புக்கு உப்புப் போட்டேனா என்று சந்தேகப்பட்டு மறுபடி போட்டேன். இதைக்கூட ஒரே மூச்சில் எழுதவில்லை. இரண்டு வரி எழுதுவதும், எழுந்து போய்க் கொடியில் காயாத துணியைத் தொட்டுப் பார்ப்பதும், திரும்ப வந்து உட்காருவதுமாக இருக்கிறது. பம்பாயில் உனக்கு இரண்டு ரூம் வைத்த குவார்ட்டர்ஸ் கிடைத்ததில் எனக்கு மிகவும் சந்தோஷம். சுகந்திக்கு ஆஸ்பத்திரியில் இனிப் பகல் டியூட்டிதான் என்பதிலும் சந்தோஷம். ஒற்றை ரூமில், நீ ஒரு நேரம் அவள் ஒரு நேரம் என்று வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தபோது, நடை பழகிய பிள்ளையை என்னிடம் கொண்டுவந்து விட்டீர்கள். இப்போது வசதி வந்துவிட்டது, அழைத்துக்கொள்கிறீர்கள். அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எப்படி அழைத்துக்கொள்கிறாய்? உன்னோடு வேலை பார்க்கும் நாராயணன் குடும்பத்தோடு மெட்ராஸ் வந்திருக்கிறாராம், அவர் திரும்பும்போது சென்ட்ரலில் பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டால் போதுமாம், தாதரில் நீ வாங்கிக்கொள்வாயாம். கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். "உங்களுக்கும் வயசாயிடுச்சும்மா, இந்தப் பொறுப்புலேருந்து உங்களை விடுவிச்சுட்டேன், இனிமே நிம்மதியா இருங்க." அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. என்னை விடுவிக்க நீ யாரடா?

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம்தான், ஆனால் காரணத்தோடு. போன கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. என்னடா என்று கேட்டதற்கு மெஷின் நிற்கிறது என்றாய். நான் அதிரசத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன், நீ மணைப் பலகையை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாய். உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று நின்றுவிடுகிறது, அல்லது ஒருவர் கணக்கில் இன்னொருவர் விவரத்தைக் கொண்டுவந்து அச்சடித்து வைக்கிறது, ஏன் என்று யாருக்கும் புரியவில்லை, எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள் என்று சொன்னாய். நான் அஞ்சாவதோடு நின்றவள். எனக்கு என்ன தெரியும் என்று நீ சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை, உட்கார்ந்து சொன்னாய். அதற்காக உன்மேல் எனக்கு எப்போதும் ஒரு பிரியம்.

நீ சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன், தப்பு இருந்தால் திருத்து. மெஷினின் ஞாபகத்தில் சின்னச் சின்ன இடங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் தலைவனாக ஒரு புரோகிராம் உட்கார்ந்துகொண்டு, கேட்கிறவர்களுக்கு இடம் கொடுத்து, முடிந்ததும் திருப்பி வாங்கி, அடுத்தவருக்குக் கொடுக்கிறது. அந்தத் தலைவனுக்கு உள்ளேயே, டேப் சுற்றும் பெட்டியை நடத்துகிற துண்டு ஒன்று உண்டு. அதற்கு டிரைவர் என்று பேர், அதை எழுதியது நீ. யாராவது டேப்பிலிருந்து ஒரு விவரம் கேட்டால் தலைவன் ஓர் இடத்தை ஒதுக்குகிறான், டேப் சுற்றி அந்த இடத்தில் விவரத்தைக் கொட்டுகிறது. ஆனால் அந்த இடம் ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை. கேட்டவர் பிடித்துக்கொண்டிருக்கிறார், கொட்டி முடியும்வரை உன் டிரைவர் பிடித்துக்கொண்டிருக்கிறது, அச்சடிக்கிற பகுதியும் பிடித்துக்கொள்கிறது. நான் குறுக்கே கேட்டேன், "ஒருத்தரே சொந்தக்காரரா இருந்துட்டா இந்த வம்பே இல்லியே?" அதற்கு நீ, "இருந்தா நல்லதுதாம்மா. ஆனா யாரு கடைசியா முடிப்பாங்கன்னு முன்கூட்டியே தெரியாதே" என்றாய். அதனால் அந்த இடத்தின் தலைமாட்டில் ஒரு எண் வைத்திருக்கிறீர்கள். யார் பிடித்தாலும் அதில் ஒன்று கூட்ட வேண்டும், யார் விட்டாலும் ஒன்று குறைக்க வேண்டும். எண் ஒன்றுமில்லாமல் போனால்தான் இடம் தலைவனிடம் திரும்பும், அதுவரை யாரும் அதைத் தொடக்கூடாது.

சரி, பிறகு எங்கே தப்பு என்றேன். டேப் நடுவில் அறுந்துபோகிறபோது தப்பு என்றாய். நல்லபடியாக ஓடும்போது உன் டிரைவர் தன் பிடியை மட்டும் விடுகிறது. டேப் அறுந்தால், இனி இது யாருக்குமே உதவாது என்று எண்ணி, கேட்டவருடைய பிடியையும் சேர்த்து விட்டுவிடுகிறது. கேட்டவருக்கு அது தெரியாது. அவர் அந்த இடத்தைத் தன்னுடையது என்றே நினைத்து, வேறு டேப்பை மாட்டிச் சுற்றி அதிலேயே கொட்டச் சொல்கிறார். அதற்குள் தலைவன் அந்த இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டான். "டேப் யாரையும் கேக்காதும்மா. எழுதுன்னா நேரா எழுதிடும். அடுத்தவன் விவரத்து மேலயே எழுதிடும்." இதைச் சொல்லும்போது பாதியில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். பிறகு நீயாகத்தான் சொன்னாய், நான் சொல்லவில்லை: "அப்பாவோட பில்லை கதைதாம்மா இது."

அந்தக் கதை உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் சர்ச் மாதர் சங்கத்தில் வாசிக்கப் போகிறேன். பம்பாய்க்கும் டில்லிக்கும் போன பிள்ளைகளின் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்தத் தாம்பரத்தில் என்னைப்போல் எத்தனையோ பேர் இருக்கிறோம், அவர்களும் கேட்கட்டும். உன் அப்பா குரோம்பேட்டை பக்கம் தோல் பதனிடும் இடம் ஒன்றில் மெக்கானிக்காக இருந்தார். வீட்டு ரூம் அளவுக்குப் பெரிய மர உருளைகள் இருக்கும். அதற்குள் தோலையும் மருந்துத் தண்ணீரையும் போட்டு மோட்டாரில் சுற்றவிடுவார்கள். உருளைக்குள்ளே தோலைப் புரட்டுகிற மர முளைகள் உடைந்தால் அப்பா கதவைத் திறந்து உள்ளே இறங்கிச் சரிசெய்ய வேண்டும். ஆளுக்கு ஒரு பித்தளைப் பில்லை, அதில் அவரவர் நம்பர். உள்ளே இறங்குகிறவர் தன் பில்லையை ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவிட்டு இறங்குவார், வெளியே வந்ததும் எடுத்துக்கொள்வார். ஆணியில் ஒரு பில்லை தொங்கினாலும் ஸ்விட்சைத் தொடக்கூடாது. வேலை முடிந்து போகும்போது பில்லையை கேட்டில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அங்கேதான் ஒரு பழக்கம் இருந்தது. கூட்டாளிகளில் முதலில் கிளம்புகிறவன், மற்றவனுடைய பில்லையையும் கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிடுவான். அவன் மறுபடி நடக்க வேண்டாமே என்ற நல்லெண்ணம்.

அன்றைக்கு அப்பாவோடு இறங்கியவர் பல்லாவரம் கன்னியப்பன். அவர் முதலில் ஏறி வந்தார். அப்பாவும் ஏறி டீ குடிக்கப் போய்விட்டார் என்று நினைத்து இரண்டு பில்லையையும் எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போய்விட்டார். ஆணி காலியாக இருந்தது. ஸ்விட்ச்காரன் பார்த்தான், போட்டான். உருளை அசைந்தது. அப்பா தோல் குவியலில் விழுந்து கத்தினது, நல்ல வேளை, கதவு முழுக்க மூடாததால் வெளியே கேட்டுவிட்டது. தோள்பட்டை நகர்ந்ததோடு போயிற்று. சாயங்காலம் கன்னியப்பன் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார், உள்ளே வரமாட்டேன் என்றார். "நீ டீக்குப் பூட்டேன்னு நென்சேன் நைனா. உனுக்கு நல்லது பண்ணலாம்னுதான் எடுத்தேன், சத்தியமா" என்று அழுதார். அப்பாவுக்குக் கோபமே இல்லை. கட்டுப்போட்ட கையோடு அவரை உள்ளே இழுத்து உட்காரவைத்து ஒரே ஒரு விஷயம் சொன்னார். "கன்னியப்பா, உன் பில்லையை நீ எடு. என் பில்லையை நான்தான் எடுப்பேன். நான் உள்ள செத்தே கிடந்தாலும் அது அங்கேயே தொங்கட்டும்." நீ அப்போது கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய் என்று போன கிறிஸ்துமஸுக்கு நீ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. விடுமுறை முடிந்து பம்பாய் போன கையோடு, அடுத்தவர் பிடியை விடும் அந்த வரியை எடுத்துவிட்டதாகவும், மெஷின் அதற்குப் பிறகு நிற்கவில்லை என்றும் எழுதியிருந்தாய். அந்தக் கார்டை நான் தெருவில் நாலு வீட்டுக்குக் காட்டினேன்.

மெஷினில் எடுத்த அந்த வரியை எனக்கு எழுதிய கடிதத்தில் எப்படியடா எழுதினாய்? இரண்டு ரூம் கிடைத்தது, அம்மாவுக்கு வயசாகிவிட்டது, நல்லது செய்யலாம் என்று நினைத்து என் பில்லையையும் நீயே ஆணியிலிருந்து எடுத்துவிட்டாய். நான் இன்னும் உள்ளேதான் இருக்கிறேன். ஜெசிக்கு இருமல் வந்தால் எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பது என் கையில் இருக்கிறது. இட்லியை உதிர்த்துக் கொடுத்தால் சாப்பிடமாட்டாள், முழுசாகக் கொடுத்தால் அவளே உதிர்ப்பாள். இடி இடித்தால் காதைப் பொத்தமாட்டாள், கண்ணைப் பொத்துவாள். இதெல்லாம் நாராயணனுக்குத் தெரியுமா? உனக்கே தெரியுமா?

இதுவரைக்கும் எழுதிவிட்டு, ரொம்ப நன்றாக எழுதிவிட்டோம் என்று மெர்சியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அவள் டீச்சர் ஆயிற்றே, தப்பு இருந்தால் திருத்துவாள் என்று பார்த்தேன். படித்துவிட்டுக் காகிதத்தை என் மடியில் வைத்தாள். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லையா என்று கேட்டேன். எழுத்தில் இல்லை என்றாள். பிறகு, "தம்பி அன்னிக்கு இன்னொண்ணும் சொன்னானே, அதை ஏம்மா எழுதலை?" என்று கேட்டாள். எதை என்றேன், தெரியாததுபோல. அவள் விடவில்லை. விட மறந்தவர்களைப் பற்றிச் சொன்னாயே, அதைத்தான். வேலை முடிந்த பிறகும் ஒருவர் பிடியை விடாமலே இருந்தால் எண் குறையாது, அந்த இடம் யாருக்கும் உதவாமல் பூட்டியே கிடக்கும், மெஷின் உடனே சாகாது, ஒவ்வோர் இடமாக அடைத்துக்கொண்டே போய் ஒருநாள் மூச்சுத் திணறி நிற்கும் என்று நீ சொன்னபோது அவளும் அங்கே இருந்தாள். "ஜெசிக்குப் பெத்தவளே லீவுல வர்ற விருந்தாளி ஆயிட்டாம்மா. நீ பில்லை மாட்டியிருக்கே, சரி. உள்ள வேலை இன்னும் இருக்கா, இல்ல சும்மா தொங்குதா?" என்றாள். என் வயிற்றில் பிறந்தவள். அவளைப் போடி என்று சொல்லிவிட்டு, ஜெசியைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பினேன். எங்கே என்று எனக்கே தெரியாது. கால் ஸ்டேஷனுக்குப் போனது.

பிளாட்பாரத்தில் உட்கார்ந்தேன், எழுந்தேன், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். ஜெசி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். "பாட்டி, நாம எங்க போறோம்?" என்று கேட்டாள். தெரியலடி என்றேன். தெரியாம டிக்கெட் கொடுக்க மாட்டாங்க என்றாள். சரி, பல்லாவரம் வரைக்கும் போய்விட்டு வருவோம் என்று இரண்டு டிக்கெட் வாங்கினேன். ஆபீஸ் விடுகிற நேரம் இல்லை, வண்டி பாதி காலியாக வந்து நின்றது. எப்போதும் நான் அவளைத் தூக்கித்தான் ஏற்றுவேன். அன்றைக்குத் தூக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். படி உயரம், அவள் கால் எட்டாது. ஒரு கையால் என் விரலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை மேலே நீட்டி வாசல் நடுவில் இருக்கும் கம்பியைத் தேடினாள். அது அகப்படும்வரை என் விரலை விடவில்லை, நான் இழுத்தும் விடவில்லை. கம்பியை இறுக்கிப் பிடித்தாள், ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள், அதற்குப் பிறகுதான் என் விரலை விட்டாள். விட்டுவிட்டுத் தானாக ஏறிப்போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "ஏறு பாட்டி, வண்டி எடுத்துடுவான்" என்றாள். யாரும் அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் ஏறினேன். அவள் எதிரே உட்கார்ந்துகொண்டேன்.

கை மாற்றுவதைப் பற்றி அன்றைக்கு நீ சொன்னது வண்டியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. வாங்குகிறவன் முதலில் பிடித்து எண்ணைக் கூட்ட வேண்டும், பிறகுதான் கொடுக்கிறவன் விட்டுக் குறைக்க வேண்டும், வரிசை மாறினால் நடுவில் கண் இமைக்கிற நேரம் யாருடைய பிடியும் இல்லாமல் போகும், அந்த இமைக்கிற நேரத்தில்தான் எல்லாம் கெடும் என்றாய். மெர்சி சொன்னது சரி, தம்பி. அவளிடம் சொல்லிவிடாதே. என் வேலை முடிகிற காலம் வந்துவிட்டது, அதைத் தெரிந்துகொண்டுதான் இத்தனை நாள் கேட்டுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தேன் போலிருக்கிறது. ஜெசியைப் பெற்றவள் பம்பாயில் ஊரார் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் பிள்ளை இங்கே இருக்கிறது. நான் விடத்தான் வேண்டும், விடுகிறேன். ஆனால் என் பில்லையை எடுக்கிறது என் கையாகத்தான் இருக்கும். நாராயணன் நல்லவராகவே இருக்கட்டும், அவருக்கு வணக்கம் சொல், பிள்ளையை அவர் கையில் தரமாட்டேன். சென்ட்ரலில் நான் விட்டு தாதரில் நீ பிடிக்கும்வரைக்கும் அவள் யாருடைய பிள்ளை? ஒரு ராத்திரி முழுக்க, ஒரு பகல் முழுக்க, அவளுக்கே அது தெரியாமல் போகும்.

நீயும் சுகந்தியும் இரண்டு பேருமாக வாருங்கள். லீவு கிடைக்கவில்லை என்று எழுதாதே, மெஷினுக்கு ஒன்று என்றால் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடுகிறாய் அல்லவா? வந்து இங்கே என் வீட்டில் சில நாள் இருங்கள். சுகந்தி குளிப்பாட்டட்டும், முழு இட்லி கொடுக்கட்டும், இடி இடித்தால் கண்ணைப் பொத்தட்டும். நான் எதிலும் குறுக்கே வராமல் மெர்சி வீட்டுக்கும் இங்கேயுமாக நடந்துகொண்டிருப்பேன், எப்படியும் என்னால் உட்கார முடியப்போவதில்லை. அவள் உங்கள் கையைப் பிடித்து, ஆட்டிப் பார்த்து, தானாக என் விரலை விடுகிற அன்றைக்கு நானே டிரங்குப் பெட்டியை எடுத்துக் கொடுக்கிறேன். அவள் உங்களை மறக்கமாட்டாள் என்று என்னிடம் யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். மறந்தால் மறக்கட்டும், அவள் நன்றாக இருந்தால் போதும். இதை எழுதி முடிக்கவே எனக்கு மூன்று தடவை எழுந்து போக வேண்டியிருந்தது.

வருவதற்கு முன்னால் ஒரு காரியம் செய். இங்கே அவளுக்குக் காட்ட என்னிடம் இருப்பது உங்கள் கல்யாணப் படம் ஒன்றுதான். அதில் நீ கண்ணாடி போடவில்லை, அதனால் இது அப்பா இல்லை என்கிறாள். சுகந்தி முகம் பாதி மாலைக்குள்ளே போய்விட்டது. புதுசாக ஒரு போட்டோ எடுத்து உடனே தபாலில் அனுப்பு. ஸ்டூடியோவில் எடுக்காதே, அந்தப் புது வீட்டு வாசலில், அன்றாடம் உடுத்துகிற துணியோடு, இரண்டு பேரும் நில்லுங்கள். நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நில்லுங்கள்.

உன் அம்மா